குட்டப்பனைத் தாங்கிய பெல்ட்

பிரிந்த தையலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பவளின் தோள் தையல் விட்டிருந்தால், இறங்கும் இடம் வரும்வரை என் கண் அங்கேயே கிடக்கும். ஒருமுறை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஊசியை எடுத்துத் தைக்கவே தொடங்கிவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு, "எந்தா சேச்சி இது?" என்றாள். "அசையாதே மோளே, முடிச்சு மட்டும் பாக்கி" என்றேன். அவள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய இடமே இல்லை என்று கண்டக்டர் பிறகு சொன்னார்.

ஸ்மிதா மேடம், நீங்கள் தாளைக் கொடுத்து, சொந்தக் கையால் எழுதித் தரும்படி கேட்டீர்கள். தமிழில் ஆனாலும் போதும் என்றீர்கள். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் டெனில் தம்பி அதை மலையாளத்தில் மாற்றிக்கொள்வாராம். "மாமி, ஒரு பக்கத்துல நிறுத்தணும் கேட்டியளா" என்று கெஞ்சவும் செய்தார். முயன்று பார்க்கிறேன். துணி போதாமல் ஜாக்கெட் கேட்டவர்களுக்கு நான் என்றைக்கும் தைத்துக் கொடுத்ததில்லை.

என் பெயர் புஷ்பபாய். வயது ஐம்பத்தெட்டு. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு. முப்பது வருடம் தையல்காரி. எங்கள் சபைப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் எல்லாம் என் கையில் பிறந்தவை. ஆறு வருடத்துக்கு முன் கால்முட்டு மக்கர் செய்து மெஷின் மிதிக்க முடியாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஜோஷி வந்தான். கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மூன்று மாடி வீடு என்று உயரமான எதற்கும் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் அவன். வேலைப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒரு ஆளாவது வேண்டும் என்று யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"எனக்க பயக்க எல்லாம் மேல ஏறுறவனுவ எக்கா. மூணு நாளு கிளாசுல போய் இருக்க ஒருத்தனுக்கும் நேரமில்ல. உமக்குத்தான் ஒரு வேலையும் இல்லியே" என்றான்.

என்னுடைய தகுதி அதுதான். திருவனந்தபுரம் போய் மூன்று நாள் இருந்தேன். கடைசியில் ஒரு பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து, துளை போட்டு, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சான்றிதழைக் கழுத்தில் மாட்ட வேண்டியதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பேன்.

ஜோஷி முன்பு உரமூட்டை வைத்திருந்த அறை எனக்கு ஸ்டோர் ஆயிற்று. சுவரில் நம்பர் எழுதி ஆணி அடித்தேன். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை, உடம்பு முழுக்க மாட்டுகிற ஒரு பெல்ட். காலையில் நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் பார்த்து வாங்கி வைக்க வேண்டும். பார்த்து என்பதுதான் முக்கியம். அந்தச் சொல்லின் கீழே வாத்தியார் இரண்டு கோடு போட்டார்.

பையன்கள் என்னிடம் வாங்கிக்கொண்டு போய் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெல்மெட்டில் பூவாரிலிருந்து மத்தி மீன் வந்தது. கையுறையைச் சூடான சாயா பாத்திரம் இறக்க வைத்துக்கொண்டார்கள். தூசிக்காகக் கொடுத்த முகமூடி, பீடி குடிக்க வசதியாகத் தாடைக்குக் கீழேயே இருந்தது. நான் கீழே நின்று கத்துவேன். மேலேயிருந்து பதில் வரும்: "எக்கோ, சத்தம் போடாதீரும், பெயின்டு நடுங்குது."

அந்தப் பதில் எப்போதும் பொன்னுதாஸுடையதாக இருக்கும்.

பொன்னுதாஸுக்கு ஐம்பது வயது. இருபத்தேழு வருடமாக உயரத்தில் வேலை. கோபுர உச்சியில் சிலுவைக்குப் பெயின்ட் அடிக்க அவனை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆளில்லை. பெல்ட் போடமாட்டான். ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கும். அது இல்லாதபோது இரண்டு காலும் பிடித்திருக்கும். நான் பெல்ட்டை நீட்டினால் காலைத் தூக்கிக் காட்டுவான்.

"எனக்க பெல்ட்டு இந்தப் பத்து விரலாக்கும் எக்கா. இதுக்கு ஒமக்க கிட்ட ஆணி உண்டா? நம்பர் உண்டா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் கேவலம். ஆனால் ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று நல்லதாகத் தோன்றும். ஆறு வருடத்தில் அப்படி ஒரு இருநூறு பதில் என்னிடம் சேர்ந்துவிட்டது. எல்லாம் புத்தம் புதிதாக, உபயோகிக்காமல் கிடக்கிறது.

பிறகு குட்டப்பன் விழுந்தான்.

எங்கள் சபைக் கோபுரத்துக்கு முதல் பூச்சு நடந்துகொண்டிருந்தது. குட்டப்பன் சாதுவான ஆள், கொடுத்ததைப் போட்டுக்கொள்வான். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு மூன்றாம் தட்டிலிருந்து கால் தவறினான். பெல்ட்டின் வார் மேலே கம்பியில் கொக்கியால் மாட்டியிருந்தது. பிடித்துக்கொண்டது. பழக்கடையில் தொங்கும் ஏத்தன் குலை மாதிரி அவன் வெறுங்காற்றில் கிடந்து மெல்லச் சுற்றினான். பெயின்ட் வாளி மட்டும் கீழே வந்து, போதகரின் ஸ்கூட்டரை வெள்ளையாக்கிற்று. கீழே இறக்கியதும் அவன் என் காலில் விழுந்தான்.

"எனக்க உயிரு ஒமக்க கையில இருந்து வந்ததாக்கும் எக்கா."

"எழும்பு மக்கா, பெல்ட்டாக்கும் பிடிச்சது" என்றேன். இதைவிட அடக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்னும் இரண்டு பேர் கேட்கட்டும் என்று சற்று உரக்கச் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு மேடம். உயிர் தப்பினால், தப்பவைத்த பொருளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்து ஸ்தோத்திரம் பண்ணுவார்கள். பாம்பு கடித்துப் பிழைத்தவன் மருந்துக் குப்பியைக் கொண்டுவந்திருக்கிறான். பூவார் பொழிமுகத்தில் படகு கவிழ்ந்து கரையேறிய ஒருத்தி, பிடித்து மிதந்த பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தாள். குட்டப்பன் பெல்ட்டைக் கொண்டுவர ஆசைப்பட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்து மேசையில் விரித்தேன். வாரின் நடுவில் ஒரு சின்னப் பொதி உண்டு. உள்ளே நீளமான பட்டையை மடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். ஆள் விழும்போது அந்தத் தையல் வரிசையாகப் பிரியும். பிரிந்து பிரிந்து விழுந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆளின் முதுகெலும்பு பிழைக்கும். பிரிவதற்காகவே ஒரு தையல். தையல்காரியான எனக்கு அதைக் கிளாசில் கேட்டபோது நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அந்தப் பொதி கிழிந்து, பட்டை இரண்டு முழம் நாக்குத் தள்ளிக் கிடந்தது. அதற்குச் சற்று மேலே, கோபுரத்தின் சிமென்ட் விளிம்பில் உரசிய இடத்தில் வார் அகலத்தில் பாதி அறுந்திருந்தது. இப்படி ஒரு கந்தலை ஆலயத்தில் தட்டில் வைப்பதா? பாறசாலைக்கு ஆள் அனுப்பி அதே மஞ்சளில் நூல்கண்டு வாங்கினேன். பட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, சாக்கு தைக்கும் ஊசியால் பின்தையல் போட்டேன். ஒன்று முன்னே வைத்து, பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே. அறுந்த இடத்துக்கு மேல் மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றி விளிம்பு தெரியாமல் தைத்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டில் வைத்துச் சபை முழுக்க எழுந்து நின்று பாடியது. போதகர் பெல்ட்டின் மேல் கைவைத்து ஜெபித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கமிட்டிக்காரர்கள் அதை ஆலயத்திலேயே மாட்டலாம் என்றார்கள். போதகர்தான், "உழைக்கிறவனுக்காக வாங்கினது, உழைப்புக்கே திரும்பட்டும்" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன் மேடம். நான் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "அய்யரே, இதை இனி வெட்டிப் போடணும்" என்று போதகரிடம் சொன்னேன்.

"என்னம்மா இது? காப்பாற்றின கையை யாராவது வெட்டுவார்களா?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என் பக்கமாக நின்று சிரித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நானும் சிரித்துக்கொண்டு பெல்ட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

திருவனந்தபுரம் பரீட்சையில் ஏழாம் கேள்வி இது: விழுந்த ஆளைத் தாங்கிய பெல்ட்டை என்ன செய்ய வேண்டும்? விடை: அதை மறுபடி யாருக்கும் கொடுக்கக்கூடாது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அன்றைக்கே வெட்டித் துண்டாக்கி அப்புறப்படுத்த வேண்டும். எனக்கு அந்தக் கேள்விக்கு முழு மார்க். 'பார்வைக்கு நன்றாக இருந்தாலும்' என்பதை நான் ஒருத்திதான் எழுதியிருந்தேன் என்று வாத்தியார் பாராட்டினார்.

பெல்ட்டை ஒன்றாம் நம்பர் ஆணியில் மாட்டினேன். சந்தோஷத்தில் ஜோஷி அந்த வாரமே ஆறு புதிய பெல்ட் வாங்கிக் கொடுத்தான். அவற்றைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இரண்டு முதல் ஏழு வரை தொங்கவிட்டு, பையன்களுக்குப் பழையவற்றையே கொடுத்துவந்தேன். இனி பெல்ட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்றும் ஜோஷி சொல்லிவிட்டான். பொன்னுதாஸ் உட்பட. அதனால் அவன் சிலுவை வேலை வரும்வரை கீழ்ச்சுவரிலேயே நின்றுகொண்டான். மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. சாயாக்கடையில் எனக்கு முதலில் சாயா வந்தது.

நாலாம் வாரம் அதே சாயாக்கடையில் பொன்னுதாஸ் ஒரு சங்கதியை அவிழ்த்தான்.

"பெல்ட்டு பிடிச்சது உள்ளதாக்கும். ஆனா அவன் எதுக்கு விழுந்தான்? அந்த வாரு கால்ல சுத்தித்தானே விழுந்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேனே. தள்ளிவிட்டதும் அது, பிடிச்சதும் அது. பின்ன எதுக்கு ஸ்தோத்திரம்?"

சாயாக்கடையில் சொன்னது கல்யாண வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து சபைக்கு வந்தது. நான் குட்டப்பனைப் பிடித்துக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"கால்ல என்னமோ தட்டினதுபோல உண்டு எக்கா. பிராண பயத்துல என்னத்தத் தெரியும்? நீரு ஒண்ணும் நினைக்கண்டாம்."

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எடுத்துக்காட்ட பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பின்வரிசையில் ஒரு குரல்: "தள்ளிப்பிடி வந்தாச்சு." முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு பெஞ்சு பெஞ்சாக அது முன்னால் வந்தது. தலைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "சொல்லுங்க எக்கா, சொல்லுங்க" என்றாள். ஹெல்மெட்டை எப்படிக் கழுவுவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து என் பெயர் தள்ளிப்பிடி. ஐம்பத்தெட்டு வயதில் ஞானஸ்நானம்.

இதனால் எனக்குப் பொன்னுதாஸ் மேல் கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அவன் சாக வேண்டும் என்று ஒரு நிமிடமும் நினைத்தவள் அல்ல நான். நான் ஆசைப்பட்டது மிகச் சின்ன ஒரு காரியம். அவன் விழ வேண்டும். கொஞ்சம்தான், இரண்டு முழம். விழுந்து, பெல்ட் பிடித்து, ஊரார் அண்ணாந்து பார்க்க ஏத்தன் குலை மாதிரி சுற்ற வேண்டும். இறங்கி வந்து, "எக்கா, நான் பறஞ்சது தப்பாக்கும்" என்று சொல்ல வேண்டும். குட்டப்பன் சொன்ன அளவுக்குக்கூட வேண்டாம். காலில் விழ வேண்டியதில்லை. இதற்காக ஜெபித்தும் இருக்கிறேன். எங்கள் சபையில் இதைவிடப் பெரிய ஜெபங்கள் நடக்கின்றன.

இரண்டாம் பூச்சு முடிந்து சிலுவை மட்டும் பாக்கி இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்குப் பொன்னுதாஸ் ஸ்டோருக்கு வந்தான். அவனே அந்தப் பெல்ட்டைத்தான் கேட்டான் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். "அந்தத் தள்ளிப்பிடியை எடும், நானும் ஒரு தடவ விழுந்து பாக்குறேன்" என்று கிண்டலாகக் கேட்டதாகவும், பெல்ட்டே போடாமல் ஏறுவதற்கு ஏதோ ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் கொடுத்ததாகவும் சொன்னேன். நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினீர்கள். அது நான் வீட்டிலிருந்து தைத்துக்கொண்டு வந்தது. இப்போது அதையும் பிரித்துத் தந்துவிடுகிறேன்.

அவன் அன்று கிண்டல் பண்ணவில்லை. வெளியே நின்றே கேட்டான்.

"எக்கா, ஏதாவது ஒரு பெல்ட்டு தாரும். இல்லாட்டா ஜோஷி ஏற விடமாட்டான். சாராம்மாவும் காலையிலேயே அழுது வச்சிட்டா."

சாராம்மா அவன் மனைவி.

"உள்ள வந்து எடு மக்கா" என்றேன்.

உள்ளே வந்தான். கை நேராக நாலாம் நம்பருக்குப் போயிற்று. புதியது, உறை பிரிக்காதது. உறையில் கையும் வைத்துவிட்டான்.

"அது வேண்டாம்லே. புதுசு மொரடா இருக்கும், தோளை அறுக்கும். இத எடு. பழகினதாக்கும்" என்றேன்.

ஒன்றாம் நம்பரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் உடனே மாட்டிக்கொள்ளவில்லை. அவன் சாயாக்கடையில் எப்படிப் பேசினாலும், வேலைச் சாமான் என்றால் விரலால் தடவிப் பார்க்காமல் தொடமாட்டான். ஏணி, கயிறு, பிரஷ் எல்லாம் அப்படித்தான். வாரைக் கையில் ஓடவிட்டான். பொதியில் விரல் நின்றது.

"இதென்ன எக்கா, இங்க தச்சிருக்கு?"

இந்த இடத்தில்தான் மேடம் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். இருநூறு பதில் வைத்திருந்தவளுக்கு ஒரு பதிலா கிடைக்காது?

"அது கம்பெனித் தையலாக்கும்" என்றேன்.

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்ல தையல்" என்றான். "ஒரு கண்ணிகூட மாறல்ல பாத்தீரா. இப்படித் தைக்கிறவன் கையைக் கும்பிடணும்."

ஆறு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. என் காது சூடாகிவிட்டது. மாட்டிவிட்டேன். தோள்வாரை இழுத்துச் சரிசெய்தேன், கால்வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் போகிறதா என்று பார்த்தேன், நெஞ்சுக் கொளுத்தைப் பூட்டினேன். வாத்தியார் சொன்ன எதையும் விடவில்லை.

கோபுரத்தடியில் சாராம்மா நின்றாள். அண்ணாந்து பார்த்து, அவன் உடம்பில் மஞ்சள் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருவத்தேழு வருசமா நான் கெடந்து அழுதேன் எக்கா, எனக்க பேச்சைக் கேக்கல்ல. ஒமக்க பேச்சைக் கேட்டாரே. ஒமக்குப் புண்ணியம் உண்டு."

அவள் கை ஈரமாக இருந்தது. அதை நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

பொன்னுதாஸ் சிலுவை வரைக்கும் போய், வாரைக் கம்பியில் கொக்கியால் மாட்டி, வேலையைத் தொடங்கினான். எப்போதும்போல ஒரு கை சிலுவையைப் பிடித்திருந்தது. இரண்டு காலும் ஒட்டியிருந்தன. அப்படியே அவன் சாயங்காலம் வரை நின்றிருப்பான். பெல்ட்டுக்கு ஒரு வேலையும் வந்திராது. இருபத்தேழு வருடம் விழாதவன் அன்றும் விழாமல் இறங்கி வந்து, "எக்கோ, இந்தா ஒமக்க தள்ளிப்பிடி, சும்மா தூங்கிட்டு வருது" என்று சொல்லியிருப்பான். அந்தச் சொல் எனக்கு முன்கூட்டியே காதில் கேட்டது. கீழே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

நான் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டேன்.

"எலே பொன்னு, கையை விட்டுப் பாருலே."

"எதுக்கு?"

"பெல்ட்டு பிடிக்கும். நம்பிச் சாஞ்சு பாரு. ரெண்டு கையும் இருந்தா வேலை சீக்கிரம் தீருமே."

"வேண்டாம் எக்கா, எனக்கு இது பழக்கமாக்கும்."

"பயமா இருக்காலே?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். சாராம்மாகூடச் சிரித்தாள். "பேடிக்காதீரும், எக்கா சொல்லுதாவ இல்லியா" என்று அவளும் மேலே பார்த்துச் சொன்னாள்.

அவன் முதலில் ஒரு கையை விட்டான். கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வாரில் பாரம் வைத்துப் பார்த்தான். பிடித்தது. அடுத்த கையையும் விட்டான். முழுக்கச் சாய்ந்து, சிலுவைக்கு எதிரே இன்னொரு சிலுவை மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"கொள்ளாமே எக்கோ" என்றான். நன்றாக இருக்கிறது என்று சொன்னான் மேடம். டெனில் தம்பி அதை அப்படியே மலையாளத்தில் எழுதலாம், மாற்ற வேண்டியதில்லை.

நூல் வரிசையாக அறுகிற சத்தம் எனக்குத் தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது. சாக்கு ஊசியால் நான் போட்ட முப்பத்திரண்டு கண்ணியும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டன. கம்பெனி நூலாக இருந்திருந்தால் நின்று நின்று பிரிந்திருக்கும். என் நூல் சட்டைக்கானது. பட்டை ஒரே மூச்சில் இரண்டு முழம் ஓடிற்று. அவன் இரண்டு முழம் விழுந்தான். நான் ஜெபித்த அதே இரண்டு முழம். அதன் முடிவில் வார் ஒரு வெட்டு வெட்டியது. மஞ்சள் துணி சுற்றிய இடத்தில் அறுந்தது.

அந்தத் துணிக்குக் கீழே இருந்ததை நான் மறந்துபோயிருந்தேன் என்றும் உங்களிடம் சொன்னேன். துணி சுற்றித் தைத்தவளே நான். கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மிச்சத்தை நீங்கள் எழுதிவிட்டீர்கள். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், வழியிலேயே முடிந்ததும். இன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

ஊர் எனக்கு ஒத்தாசையாக இருந்தது. போதகர் கைவைத்து ஜெபித்த பொருளைக் கேலி பண்ணினானே, அதனால்தான் குட்டப்பனைத் தாங்கியது இவனைத் தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. நான் தொடங்கவில்லை, கேட்டபோது மறுக்கவில்லை, அவ்வளவுதான். சாராம்மா என் மடியில் படுத்து, "வாயாலே போனாரு எக்கா, வாயாலேயே போனாரு" என்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் ரவிக்கையில் இடது கைப்பட்டி பிரிந்திருந்தது. அதையும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பேசாமல் இருந்திருந்தால் இது இப்படியே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நேற்று டெனில் தம்பி, அறுந்த பெல்ட்டைப் பார்த்து நீங்கள் எழுதிய மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நானும் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். நாலாம் பக்கத்தில் நிறுத்தினேன். இரவு முழுக்க யோசித்து, காலையில் முதல் பஸ்ஸில் இங்கே வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மனசாட்சி என்று ஒன்று மனிதருக்கு உண்டல்லவா? சாராம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது. வேறு ஒரு காரணமும் இல்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தாங்கின பெல்ட்டைத் தெரிந்தே வைத்திருந்தேன். புதியது ஆறு இருக்க, அதைத் தெரிந்தே மாட்டிவிட்டேன். விடாத கையை விடவைத்தேன். பொன்னுதாஸைக் கொன்றது நான்தான். ஜோஷிக்கும் போதகருக்கும் இதில் பங்கில்லை. பெல்ட் செய்த கம்பெனிக்கும் பங்கில்லை.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும் மேடம். நாலாம் பக்கம், மேலிருந்து ஆறாம் வரி. பொதியில் அறுந்து காணப்படுவது கம்பெனித் தையல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டோரில் புதியது ஆறு தொங்குகிறது. ஒன்றை எடுத்து வைத்து, கண்ணாடி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனித் தையல் ஓரத்தில் கோணும். இதன் ஊசித்துளை வரிசை கோணவில்லை. பொன்னுதாஸே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.